புதிய கேம் வருகிறதா? முழுதாகச் சொல்லுங்கள்!

"அண்ணா, கேம் வந்துடுச்சாண்ணா?"

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் நான் ஒரு சிறிய கம்ப்யூட்டர் கடை நடத்துகிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம், பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர் எல்லாம் செய்து தரப்படும். கடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் சான்றிதழ் பற்றியும் தேர்வு முடிவு பற்றியும் இருக்கும். மீதிக் கேள்விகளில் முதலிடம் பிடிப்பது மேலே சொன்னதுதான்.

கேட்பவர்கள் பள்ளி, கல்லூரி மாணவர்கள். ஏதோ ஒரு புதிய வீடியோ கேமின் டிரைலரை மொபைலில் பார்த்திருப்பார்கள். "விரைவில் வருகிறது" என்று இருக்கும். எப்போது வரும், எத்தனை ஜி.பி., என் கம்ப்யூட்டரில் ஓடுமா, விலை என்ன என்று என்னிடம் கேட்பார்கள். நானும் தேடிப் பார்ப்பேன். பல நேரங்களில் இந்த நான்கு கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அறிவிப்பில் விடை இருக்காது.

கேம் நிறுவனங்கள் தங்கள் புதிய வெளியீடுகளை ரசிகர்களுக்கு எப்படி அறிவிக்க வேண்டும்? இது என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அந்த ராமை விற்கும் வரை!

ராம் விற்ற கதை

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. மலையில் ஒரு கிராமத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போய்க் கல்லூரியில் படிக்கும் மாணவன் ஒருவன் என் கடைக்கு வாடிக்கையாக வருவான். அப்பா சாமை பயிரிடுபவர். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதை என்னிடம் கொடுத்துச் சரி செய்து, வீட்டில் வைத்திருந்தான். அதில் 4 ஜி.பி. ராம் மட்டுமே இருந்தது.

அவன் ஆவலோடு காத்திருந்த கேம் ஒன்று வரப் போவதாக அறிவிப்பு வந்தது. அதில் ஒரு பேட்டியில் 8 ஜி.பி. ராம் இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். "அண்ணா, இன்னொரு 4 ஜி.பி. போட்டுடுங்கண்ணா" என்று விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தைக் கொண்டு வந்து கொடுத்தான். நானும் மகிழ்ச்சியாக விற்று, பொருத்தியும் கொடுத்தேன்.

வெளியீட்டு நாள் வந்தது. அவன் வீட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பதால் காலையிலேயே கம்ப்யூட்டரின் சி.பி.யு.வைத் துணியில் கட்டி, பேருந்தில் கடைக்கு எடுத்து வந்துவிட்டான். காலை, மதியம், மாலை என்று மணி போனது. கேம் வரவில்லை. அறிவிப்பில் தேதி இருந்தது. எந்த நாட்டு நேரம் என்பது இல்லை. கடைசிப் பேருந்தும் போய்விட்டது. இரவு 10.30 மணிக்குத்தான் கேம் வெளியானது. அப்போதுதான் அதற்குத் தேவையான சிஸ்டம் விவரங்களும் முழுமையாக வந்தன. 4 ஜி.பி. நினைவகம் உள்ள தனி கிராபிக்ஸ் கார்ட் கட்டாயம் தேவையாம்! அவன் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டே கிடையாது.

அன்றிரவு அவன் கடையிலேயே படுத்திருந்துவிட்டு, காலை முதல் பேருந்தில் சி.பி.யு.வோடு திரும்பிப் போனான். என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க என்னண்ணா பண்ணுவீங்க, அவங்க சொன்னதைத்தானே நாமும் நம்பினோம்" என்றான். அந்த வார்த்தை எனக்கு நீண்ட நாள் உறுத்திக் கொண்டே இருந்தது. அவர்கள் சொன்னதை முழுதாகச் சரி பார்க்காமல் காசு வாங்கிப் பெட்டியில் போட்டவன் நான்தானே!

எந்த கேம், எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியம் இல்லை. இது போல் பெரும்பாலான நிறுவனங்கள் செய்கின்றன. ஒரு கேம் பற்றிய அறிவிப்பை நிறுவனம் விளம்பரமாக நினைக்கிறது. அதைப் படிக்கும் ரசிகனோ அதை வாக்குறுதியாக எடுத்துக் கொள்கிறான். அதை நம்பிப் பணம் சேர்க்கிறான், ராம் வாங்குகிறான், விடுப்பு எடுக்கிறான், டேட்டாவை மிச்சம் பிடிக்கிறான். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நம் நாட்டில் நடந்த இரண்டு அறிவிப்புகள்

இந்தியாவில் இதற்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு 2020ஆம் ஆண்டில் கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளுக்குத் தடை விதித்தது. அதில் பப்ஜி மொபைலும் ஒன்று. அடுத்த இரண்டே நாளில், செப்டம்பர் 4 அன்று, நடிகர் அக்‌ஷய் குமார் 'பௌஜி' என்ற புதிய கேமை அறிவித்தார். தயாரிப்பு பெங்களூருவின் என்கோர் கேம்ஸ் நிறுவனம். நிகர வருமானத்தில் 20 சதவீதம் 'பாரத் கே வீர்' நிதிக்குத் தரப்படும் என்றும் சொன்னார்கள்.

பப்ஜி போன இடத்தில் பௌஜி வருகிறது என்றே எல்லாரும் எடுத்துக் கொண்டார்கள். அக்டோபர் இறுதியில் வரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. தசரா அன்று வந்த டீசரில் நவம்பர் என்றார்கள். நவம்பர் 30 அன்று கூகுள் பிளேயில் முன்பதிவு மட்டும் தொடங்கியது. கடைசியில் 2021 ஜனவரி 26 அன்று கேம் வெளியானது. அப்போதும் கல்வான் பள்ளத்தாக்கை வைத்து அமைந்த தனி ஆள் ஆட்டம் மட்டுமே இருந்தது. பப்ஜி போல் பலர் ஒரே நேரத்தில் மோதும் ஆட்டத்தை எதிர்பார்த்து முன்பதிவு செய்தவர்கள் ஏமாந்தார்கள். கூகுள் பிளேயில் அதன் மதிப்பெண் சரிந்தது. நான்கு மாத அறிவிப்புக் காலத்தில் "முதலில் வருவது தனி ஆள் ஆட்டம் மட்டுமே" என்று கொட்டை எழுத்தில் சொல்லியிருந்தால் இந்த ஏமாற்றமே இருந்திருக்காது.

இன்னொரு பக்கம் பப்ஜி நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 2020 நவம்பர் 12 அன்று 'பப்ஜி மொபைல் இந்தியா' வரப் போவதாக அறிவித்தது. இந்தியாவில் 10 கோடி டாலர் முதலீடு செய்யப் போவதாகவும் சொன்னது. புகழ் பெற்ற ஆட்டக்காரர்களை வைத்து டீசர்கள் வந்தன. எல்லாவற்றிலும் "விரைவில்" என்பது மட்டும் இருந்தது, தேதி இல்லை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என மாதங்கள் ஓடின. அந்தப் பெயரில் கேம் வரவே இல்லை.

இந்த இடைவெளியில் என்ன நடந்தது தெரியுமா? போலி ஏ.பி.கே. பைல்கள் பரவின. "இந்தியப் பதிப்பு லீக் ஆகிவிட்டது, இங்கே டவுன்லோட் செய்திடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வரும். அதை இன்ஸ்டால் செய்துவிட்டு, மொபைல் முழுக்க விளம்பரமாக வருகிறது என்று என் கடைக்கு வந்த பையன்கள் உண்டு. நிறுவனம் பேசாமல் இருக்கும்போது அந்த வெற்றிடத்தை ஏமாற்றுக்காரர்கள் நிரப்பிவிடுகிறார்கள்.

பிறகு கிராப்டன் நிறுவனம் 2021 மே 6 அன்று 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்று புதிய பெயரில் அறிவித்தது. மே 18 முதல் முன்பதிவு, ஜூன் 17 முதல் சோதனைப் பதிப்பு, ஜூலை 2 அன்று ஆண்ட்ராய்டில் முழு வெளியீடு என்று நடந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பதையும் வெளியீட்டுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். ஒரே நிறுவனக் குழுமம், ஒரே ஆட்டம். முதல் அறிவிப்பில் பல மாதக் குழப்பம். இரண்டாவது அறிவிப்பிலிருந்து இரண்டு மாதத்துக்குள் கேம் கையில். இரண்டாம் முறை சொல்வதற்கு உறுதியான விவரங்கள் கையில் இருந்தன. அதுதான் வித்தியாசம்.

14 ஆண்டு காத்திருந்தவர்கள்

வெளிநாட்டிலும் இதே கதைதான். 'டியூக் நியூகெம் பாரெவர்' என்ற கேம் 1997ல் அறிவிக்கப்பட்டு 2011 ஜூன் மாதத்தில் வெளியானது. அறிவிப்பு வந்தபோது விண்டோஸ் 95 பயன்படுத்திக் கொண்டிருந்தவர், கேம் வந்தபோது விண்டோஸ் 7க்கு மாறியிருப்பார்!

'சைபர்பங்க் 2077' கேமை 2012லேயே அறிவித்துவிட்டார்கள். 2020 ஏப்ரல் 16 என்று தேதி குறித்தார்கள். அது செப்டம்பர் 17 ஆகி, நவம்பர் 19 ஆகி, கடைசியில் டிசம்பர் 10 அன்று வந்தது. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் சாதனங்களில் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து ரசிகர்கள் கொதித்தார்கள். சோனி நிறுவனம் அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்தே சில மாதங்களுக்கு எடுத்துவிட்டது. பழைய சாதனங்களில் கேம் எப்படி ஓடுகிறது என்பதை வெளியீட்டுக்கு முன் சரியாகக் காட்டாததுதான் ரசிகர்களின் முக்கியக் குற்றச்சாட்டு.

'நோ மேன்ஸ் ஸ்கை' 2013 டிசம்பரில் அறிமுகமானது. 2016 ஆகஸ்டில் வெளியானபோது, பேட்டிகளில் சொன்ன பல அம்சங்கள் அதில் இல்லை. ஒரே இடத்தில் நின்ற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. இங்கிலாந்தின் விளம்பரத் தர அமைப்பு வரை புகார் போனது. விளம்பரத்தில் விதி மீறல் இல்லை என்று அந்த அமைப்பு 2016 நவம்பரில் சொல்லிவிட்டது. ஆனாலும் ரசிகர்களின் கோபம் உடனே தணியவில்லை. அதன் பின் அந்தச் சிறிய நிறுவனம் பேச்சைக் குறைத்துக் கொண்டு, இலவச அப்டேட்களைத் தொடர்ந்து கொடுத்து, மெல்ல மெல்ல நல்ல பெயரைத் திரும்பப் பெற்றது. வாயால் கெட்டதைக் கையால் சரி செய்தார்கள் என்று சொல்லலாம்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் அறிவிக்கிறார்கள்? காரணங்கள் உண்டு. பங்குதாரர்களுக்கு நம்பிக்கை தர வேண்டும்; திறமையான ஆட்களை வேலைக்கு இழுக்க வேண்டும்; யாராவது லீக் செய்வதற்கு முன் தாங்களே சொல்லிவிட வேண்டும். சிறிய நிறுவனங்களுக்கு இன்னொரு கஷ்டம், பணம். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் தன் 'ராஜி' கேமுக்காக 2017ல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் நிதி கேட்டது. இப்படி நிதி திரட்ட வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த முயற்சியில் கேட்ட தொகை கிடைக்கவில்லை என்றாலும், கேமை விடாமல் முடித்து 2020 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்டார்கள். ஆகவே முன்கூட்டிச் சொல்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. எது உறுதி, எது ஆசை என்பதைப் பிரித்துச் சொல்லாததுதான் தவறு.

கடைசி நேரத்தில் சொல்வது சரியா?

சிலர் இதற்கு நேர் எதிராகச் செய்தார்கள். 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' கேமை 2019 பிப்ரவரி 4 அன்று அறிவித்து, அன்றே வெளியிட்டார்கள். ஒரு வாரத்தில் 2.5 கோடிப் பேர் விளையாடினார்கள். 'பால்அவுட் 4' 2015 ஜூன் 3 அன்று அறிவிக்கப்பட்டு நவம்பர் 10 அன்று வந்துவிட்டது. இடையில் 5 மாதம்தான்.

'ஹாலோ நைட்: சில்க்சாங்' கேமின் கதை இன்னும் சுவையானது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள ஒரு மிகச் சிறிய குழு அதை 2019 பிப்ரவரியில் அறிவித்தது. பிறகு பல ஆண்டுகள் பெரும்பாலும் மௌனம். ரசிகர்கள் நொந்து போனார்கள். 2025 ஆகஸ்ட் 21 அன்று திடீரென்று "செப்டம்பர் 4 அன்று வெளியீடு" என்றார்கள். இம்முறை எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்பதையும் சொன்னார்கள். நம் ஊர்க் கணக்கில் இரவு 7.30 மணி. சொன்ன நேரத்தில் வந்தது. கூட்டம் தாங்காமல் ஸ்டீம் கடையே சிறிது நேரம் திணறியது.

அப்படியானால் கடைசி நேரத்தில் சொல்வதுதான் நல்லதா? நகரத்தில் பைபர் இணைப்பு வைத்திருப்பவருக்கு நல்லதாக இருக்கலாம். எங்கள் மலையில் இருப்பவருக்கு அது போதாது. காரணத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு பைட் என்பது 8 பிட். உங்கள் இணைப்பின் வேகம் நொடிக்கு 2 மெகா பிட் என்றால், நொடிக்குக் கால் மெகா பைட் மட்டுமே இறங்கும். ஒரு ஜி.பி. இறங்க 4,000 நொடிகள், அதாவது ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் அதிகம். 10 ஜி.பி. கேம் என்றால் 11 மணி நேரத்துக்கு மேல். இடையில் மின்சாரமும் சிக்னலும் போகக் கூடாது!

நாள் ஒன்றுக்கு 1.5 ஜி.பி. தரும் மொபைல் பேக் வைத்திருப்பவர் 60 ஜி.பி. கேமை இறக்க 40 நாள் ஆகும். அந்த 40 நாளும் அவர் வேறு எதுவும் பார்க்கக் கூடாது. எனவே அளவு தெரியாத அறிவிப்பால் எங்களுக்குப் பாதிப் பயன்தான். வெளியீட்டு அன்று அளவைச் சொல்வது, பேருந்து புறப்பட்ட பிறகு டிக்கெட் விலையைச் சொல்வது போன்றது.

காவலூரில் கற்றுக் கொள்ளலாம்

ஜவ்வாது மலையில்தான் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்ல அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு, வானியலில் உள்ளது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தது. அந்த நாளில் அது நடக்கும் என்பதை வானியலாளர்கள் முன்பே கணித்து உலகுக்கு அறிவித்திருந்தார்கள். எந்த நட்சத்திரம், எந்த நாள், எந்த நேரம், எங்கிருந்து பார்க்கலாம் என்ற விவரங்கள் அதில் இருந்தன. அதோடு, கணிப்பில் கொஞ்சம் பிழை இருக்கலாம் என்பதும் தெரிந்தே இருந்தது. அதனால் விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பார்த்த அமெரிக்கக் குழு, குறித்த நேரத்துக்கு முன்பே கருவிகளை இயக்கத் தொடங்கியது. காவலூரிலும் 1 மீட்டர் தொலைநோக்கி வழியாக அந்த நட்சத்திரத்தைக் கவனித்தார்கள். நட்சத்திரத்தின் ஒளி எதிர்பாராத நேரங்களில் குறைந்தது பதிவானது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அந்தக் கண்காணிப்புகளால்தான் உலகுக்குத் தெரிந்தது.

பார்த்தீர்களா? "இவ்வளவு தெரியும், இந்த அளவு தவறலாம்" என்று நேர்மையாகச் சொன்ன அறிவிப்பை நம்பித் தயாராக இருந்தவர்களுக்கு எதிர்பார்த்ததைவிடப் பெரிய பரிசு கிடைத்தது. ஒரு கேம் நிறுவனமும் "இந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் வரும், தேதி இன்னும் உறுதி இல்லை, உறுதியானதும் குறைந்தது ஒரு மாதம் முன்பு சொல்வோம்" என்று சொன்னால் அதில் ஒரு குறையும் இல்லை. "விரைவில்" என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அறிவிப்பில் இருக்க வேண்டிய 7 விவரங்கள்

என் கடை அனுபவத்தில், தேதியோடு வரும் ஒவ்வொரு அறிவிப்பிலும் கீழ்க்கண்டவை இருக்க வேண்டும் என்பேன்.

1. தேதியும் நேரமும். எந்த நாட்டு நேரம் என்பதும் வேண்டும். அமெரிக்காவின் பசிபிக் நேரம் காலை 10 மணி என்பது, அங்கு கோடைக் கால நேரம் நடக்கும்போது நமக்கு இரவு 10.30, மற்ற மாதங்களில் இரவு 11.30. மாலை 5 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை.

2. டவுன்லோட் அளவும், இன்ஸ்டால் ஆன பின் ஹார்ட் டிஸ்க்கில் எடுக்கும் அளவும். இரண்டும் ஒன்றல்ல. முதல் நாளே வரும் அப்டேட்டின் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

3. குறைந்தபட்ச சிஸ்டம் தேவை. பிராசசர், ராம், கிராபிக்ஸ் கார்ட், விண்டோஸ் பதிப்பு, எஸ்.எஸ்.டி. தேவையா என்பது வரை. மொபைல் கேம் என்றால் எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு, எவ்வளவு ராம் என்பது.

4. ரூபாயில் விலை. ஸ்டீம் கடையில் 2015 முதலே ரூபாய் விலை உண்டு. அறிவிப்பில் மட்டும் ஏன் டாலர்? கேம் இலவசம் என்றால், உள்ளே எதற்கெல்லாம் பணம் கேட்கப்படும் என்பதையும் சொல்ல வேண்டும்.

5. இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா? எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது விலையைவிட முக்கியம். ஒருமுறை கஷ்டப்பட்டு இறக்கிவிட்டால் பிறகு சிக்னல் இல்லாமல் விளையாட முடியுமா என்பது ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் தெரிய வேண்டும்.

6. காட்டும் படம் உண்மையானதா? டிரைலரில் வருவது கேமில் நேரடியாக எடுத்த காட்சியா, தனியாகச் செய்த அனிமேஷனா, எந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டி எடுத்தது என்பதை எழுத்தில் போட வேண்டும்.

7. முதல் நாளில் என்ன கிடையாது? பின்னால் வரப் போகும் வசதிகளைத் தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இவை எல்லாவற்றையும் வீடியோவில் மட்டும் சொன்னால் போதாது. மூன்று நிமிட வீடியோவை நல்ல தரத்தில் பார்த்தால் பல பத்து எம்.பி. போய்விடும். இதே விவரங்களை எழுத்தில் கொடுத்தால் சில கே.பி.தான். டிரைலர் வெளியாகும் அதே நேரத்தில் ஒரு பக்க எழுத்து அறிவிப்பும் வெளியாக வேண்டும்.

கேம் எதைப் பற்றியது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம்மவர்களுடையது. கனடாவின் டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்ற கேமை வெளியிட்டது. புலம் பெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் சமையல், அழிந்து போன பக்கங்கள் கொண்ட ஒரு சமையல் குறிப்பு நோட்டு என்று டிரைலரைப் பார்த்தாலே இது என்ன ஆட்டம் என்று புரிந்துவிடும். துப்பாக்கிச் சண்டையை எதிர்பார்த்து வாங்கி யாரும் ஏமாறப் போவதில்லை. 2024ல் அதற்கு முதல் படைப்புக்கான பாப்டா விருது கிடைத்தது.

தேதி தள்ளிப் போனால்?

தள்ளிப் போவது தவறல்ல. அரைகுறையாக வருவதைவிடத் தாமதமாக வருவது நல்லது. ஆனால் எப்போது சொல்கிறார்கள் என்பது முக்கியம். 'சைபர்பங்க் 2077' கடைசி முறை தள்ளிப் போனது, குறித்த தேதிக்கு மூன்றே வாரம் இருந்தபோது. அதற்குள் பலர் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். 'ஜி.டி.ஏ. 6' கேமை 2025ல் தருவதாகச் சொல்லியிருந்த ராக்ஸ்டார், 2025 மே மாதத்தில் "2026 மே 26" என்றும், அந்த ஆண்டு நவம்பரில் "2026 நவம்பர் 19" என்றும் மாற்றியது. ரசிகர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் இரண்டு முறையும் பல மாதம் முன்பே, புதிய தேதியோடு சொன்னதால் யாரும் பேருந்து நிலையத்தில் காத்திருக்க வேண்டி வரவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

நிறுவனங்கள் திருந்தும் வரை நாமும் சில விஷயங்களில் கவனமாக இருக்கலாம்.

* முன்பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். டிஜிட்டல் கேமுக்கு ஸ்டாக் தீர்ந்து போகாது. ஸ்டீமில் வாங்கியிருந்தால், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

* சிஸ்டம் தேவை முழுமையாக வெளிவரும் வரை ராம், கிராபிக்ஸ் கார்ட் எதுவும் வாங்க வேண்டாம். கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம். இதைச் சொல்பவனே கடைக்காரன்தான்!

* கூகுள் பிளே, ஆப் ஸ்டோர், ஸ்டீம் போன்ற முறையான இடங்களில் மட்டும் முன்பதிவு செய்திடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. பைலைத் தொடாதீர்கள்.

* விளம்பரத்தில் சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி புகார் செய்யலாம். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். டிரைலரையும் அறிவிப்பையும் சேமித்து வைத்துக் கொள்ளுங்கள்.

மேலே சொன்ன 7 விவரங்களையும் ஒரு தாளில் கட்டம் போட்டு பிரிண்ட் எடுத்து என் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். புதிய கேம் பற்றி யார் கேட்டாலும் அந்தக் கட்டங்களை நிரப்பிப் பார்க்கிறோம். நிரம்பாத கட்டம் இருந்தால் பணத்தை எடுக்க வேண்டாம் என்பது கடை விதி. இதனால் என் வியாபாரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, வாடிக்கையாளர்கள் குறையவில்லை.

அந்த மாணவன் படிப்பை முடித்துவிட்டான். போன மாதம் ஊருக்கு வந்தபோது ஒரு புதிய டிரைலரோடு கடைக்கு வந்தான். நான் பேனாவை எடுத்தேன். தேதி இருந்தது, நேரம் இல்லை. விலை இருந்தது, அளவு இல்லை. இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா என்பதும் இல்லை. மூன்று கட்டங்கள் காலி.

"சரிண்ணா, மூணும் நிரம்பட்டும். அப்புறம் வர்றேன்" என்று சிரித்துக் கொண்டே பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு கிளம்பினான்.

அந்த மூன்று கட்டங்களை நிரப்ப நிறுவனத்துக்கு மூன்று வரி போதும். எழுதியிருந்தால் அன்றே ஒரு வாடிக்கையாளர் கிடைத்திருப்பார்.